வேலை மாற ரிலீஸ் லெட்டர் எதற்கு? தமிழ் டிஜிட்டல் ஊடக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழ் டிஜிட்டல் ஊடகம் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

உங்களில் சிலர் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறீர்கள். ஒரு நிறுவனத்தில் இருக்கும் எடிட்டரோ கேமராமேனோ ஸ்கிரிப்ட் எழுதுபவரோ இன்னொரு நிறுவனத்தில் சேர வேண்டுமென்றால், பழைய முதலாளியிடமிருந்து ரிலீஸ் லெட்டர் கொண்டுவர வேண்டும். அது இல்லாமல் யாரும் யாரையும் எடுப்பதில்லை. இதை நீங்கள் அறிவிப்பாக எங்கும் போடவில்லை. நேர்காணலுக்குப் போன எங்கள் ஊரான பேராக், சுங்கை சிப்புட்டுப் பிள்ளைகளிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினீர்கள். வெவ்வேறு ஆபீசுகளில் ஒரே வாசகத்தைக் கேட்டுவிட்டு வந்தபோதுதான் இது பேசிவைத்த விஷயம் என்று எங்களுக்குப் புரிந்தது.

அதோடு நிற்கவில்லை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ஓர் இளைஞனுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவன் முறைப்படி எழுதிக் கொடுத்து, நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை செய்து, கையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வேறொரு இடத்தில் சேர்ந்தான். அதற்கு மூன்று மாதச் சம்பளத்தை நஷ்டஈடாகக் கேட்கிறது கடிதம். அவனுடைய அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர். கடிதத்தை நான்காக மடித்து என்னிடம் கொண்டுவந்து, "பையனைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டார். இந்த மடலை எழுத வேறு காரணம் தேவையில்லை.

நான் இந்த ஊரில் இருந்துகொண்டே பல வருடமாக வீடியோ எடிட்டிங் செய்கிறேன். உங்களில் சிலருக்கும் வேலை செய்திருக்கிறேன். கமுனிங், எல்பில், ஹேவூட் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து இப்போது தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் இருக்கும் பிள்ளைகள், கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். அதனால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் காகிதங்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அந்தக் காகிதங்களில் பெரும்பாலும் ஒரு பத்தி இருக்கும். வேலையை விட்ட பிறகு பன்னிரண்டு மாதங்களுக்கு மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ எந்த டிஜிட்டல் ஊடகத்திலும், விளம்பர நிறுவனத்திலும், யூடியூப் சேனலிலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை செய்யக் கூடாது என்று அது சொல்லும். கல்யாண வீடியோ எடுப்பதையும் சேர்த்து எழுதிய ஒப்பந்தம்கூட ஒன்று வந்தது. படித்து முடித்தவுடன் வேலை தேடும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, இந்த ஆங்கிலப் பத்தியைக் கைப்பேசியில் விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, வேறு வழி தெரியாமல் கையெழுத்துப் போடுகிறது.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் இந்தத் துறையில் இருக்கும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 28. ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. வியாபாரத்தை நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கும் பங்காளிகளுக்கும் சில விலக்குகள் உண்டு. மாதச் சம்பளத்துக்கு வீடியோ வெட்டும் பையன் அந்த விலக்குகள் எதிலும் வரமாட்டான். பன்னிரண்டு மாதம் என்பதை ஆறு மாதமாகக் குறைத்தாலும் சரி, சிங்கப்பூரை எடுத்துவிட்டாலும் சரி, வேலையை விட்டவன் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற தடை இந்த நாட்டில் நிற்காது. உங்கள் வாடிக்கையாளர் பட்டியலையோ வெளிவராத நிகழ்ச்சியின் ஸ்கிரிப்டையோ அவன் எடுத்துக்கொண்டு போனால் அது வேறு. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்தப் பையன் எடுத்துக்கொண்டு போனது தன் கைத்தொழிலை மட்டும்தான்.

விலகுவதற்கும் சட்டம் வழி சொல்லியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, நோட்டீஸ் காலம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 8 வாரம். முறையாக நோட்டீஸ் கொடுத்து விலகுபவருக்கு, வேலை முடியும் நாளிலேயே பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். இதில் ரிலீஸ் லெட்டர் என்று ஒன்று எங்கேயும் இல்லை. நோட்டீஸ் காலம் முடிந்தால் அவன் போகலாம், அவ்வளவுதான். நீங்கள் சேர்ந்து உருவாக்கியிருப்பது சட்டம் கேட்காத ஓர் அனுமதியை.

பெரிய மொழிச் சந்தையில் இப்படி நாலு பேர் பேசிவைத்துக்கொண்டால் பாதிப்பு குறைவு. தமிழில் அப்படியில்லை. இந்த நாட்டில் தமிழில் செய்தி, நிகழ்ச்சி, விளம்பரம் தயாரித்து மாதச் சம்பளம் கொடுக்கக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றபோது, இனிமேல் எல்லாம் டிஜிட்டல்தான், அங்கே வாய்ப்பு வரும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே தைரியம் சொன்னோம். அந்த நம்பிக்கையில் ஊடகப் படிப்புக்குக் கடன் வாங்கிச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களில் ஒரு சிலர் கைகோத்துக்கொண்டாலே அவர்களுக்கு மொத்தத் துறையும் மூடிவிடும்.

ஆள் எடுக்கும் முறைக்கு வருகிறேன். டெஸ்ட் வீடியோ என்ற பெயரில் நடப்பதை நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு நிறுவனம் (பெயர் இங்கே வேண்டாம்) தைப்பூசத்தைப் பற்றி மூன்று நிமிட வீடியோ கேட்டது. காட்சிகளை அவர்களே அனுப்பினார்கள். ஸ்கிரிப்ட், குரல், சப்டைட்டில், தம்நெயில் எல்லாம் நான் செய்ய வேண்டும். செய்து அனுப்பினேன். பதிலே இல்லை. தைப்பூசத்தன்று அந்த வீடியோ அவர்களுடைய பக்கத்தில் வந்தது. குரலை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆனால் காவடி கோயிலுக்குள் நுழையும் இடத்தில் பின்னணியில் ஒரு மணிச் சத்தம் வரும். அது அப்படியே இருந்தது. நான் வளர்ந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் முனியாண்டி கோயில் மணி அது. அடித்து முடிக்கும்போது லேசாகக் கரகரக்கும். என் கைப்பேசியில் நானே பதிவு செய்து சேர்த்த சத்தம். கேட்டதற்கு, "டெஸ்டுக்கு அனுப்பினதெல்லாம் கம்பெனி சொத்து" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கும் இதுதான் நடக்கிறது. ஒரு வேலைக்குப் பத்துப் பேரிடம் டெஸ்ட் வாங்கினால் பத்து வீடியோ இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் இருக்கும் வேலைகளைப் பாருங்கள். அல்லது ஆபீசில் உட்கார வைத்து முப்பது விநாடிக் காட்சியை வெட்டச் சொல்லுங்கள். கையோட்டம் அதிலேயே தெரிந்துவிடும் என்று உங்கள் எடிட்டர்களைக் கேட்டாலே சொல்வார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போட வேண்டிய வீடியோவை டெஸ்ட் என்று கேட்பதை நான் ஆள் தேர்வு என்று ஏற்கமாட்டேன்.

இதெல்லாம் தாண்டி உள்ளே போனால், பலருக்கு மாத முடிவில் சம்பளச் சீட்டு வருவதில்லை. ஃப்ரீலான்ஸ் எடிட்டிங் கட்டணம் என்று எழுதிய ஒரு பேமண்ட் வவுச்சர் வருகிறது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் 'இன்' போட வேண்டும், சாப்பிடப் போனால் 'அவுட்' போட வேண்டும், லீவுக்குக் கேட்க வேண்டும், வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. நேரத்தையும் வேலை முறையையும் நீங்கள் கட்டுப்படுத்தினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவரைத் தொழிலாளி என்றே சட்டம் அனுமானிக்கும். 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும், வேலைச் சட்டத்தின் 101C பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டத்தைக் காட்டி, "நீங்களெல்லாம் கிக் வொர்க்கர்தானே" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறீர்களாம். அந்தச் சட்டம் உண்மையாகவே தனித்து வேலை செய்பவர்களைக் காப்பதற்கு வந்தது. முழுநேர ஆளை ஒளித்துவைக்க வந்ததில்லை.

ஒரு வவுச்சரில் என்ன இழப்பு என்று நினைக்கலாம். 2,000 ரிங்கிட் சம்பளம் என்றால் முதலாளி ஊழியர் சேமநிதிக்குக் கட்ட வேண்டிய 13 விழுக்காடு மாதம் 260 ரிங்கிட். அது போகிறது. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி இல்லை. வேலைக் காப்புறுதி இல்லாததால், நீங்கள் திடீரென்று நிறுத்தினாலும் கையில் எதுவும் வராது. இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வேறு வேலைக்கு விண்ணப்பித்தால் சம்பளச் சீட்டும் சேமநிதி அறிக்கையும் கேட்கிறார்கள். காட்ட ஒன்றும் இல்லை. மூன்று வருடம் ராத்திரி பகலாக உழைத்தவன், காகிதத்தில் இதுவரை எங்கேயும் வேலை செய்யாதவன். அப்புறம் அவன் எப்படி மாறுவான்? உங்களிடமே இருந்துவிடுகிறான்.

செய்த வேலையைக் காட்டலாமே என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் தொழிலில் டிப்ளோமாவை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை; என்ன செய்திருக்கிறாய், லிங்க் அனுப்பு என்றுதான் கேட்பார்கள். வீடியோவின் முடிவில் பெயர் போடுவதை நீங்கள் நிறுத்தி நாளாகிவிட்டது. விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்த அன்று மாலையே டிரைவ் அனுமதி துண்டிக்கப்படுகிறது. காப்புரிமை நிறுவனத்துக்குத்தான், அதில் எங்களுக்குத் தகராறு இல்லை. நான்தான் இதை எடிட் செய்தேன் என்று சொல்லிக் காட்ட ஒரு லிங்க்கும் ஒரு பெயரும் போதும். அதைக்கூடக் கொடுக்காமல் அனுப்புவது எதற்கு?

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விளம்பரத்தில் தொகை இருப்பதில்லை. நேர்காணலில் முதல் கேள்வியே முன்பு எவ்வளவு வாங்கினாய் என்பதுதான். அங்கே 1,700 வாங்கியவனுக்கு இங்கே 1,850. கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு அதே மேசையில் அதே வேலைக்கு அதைவிடக் கூடுதல். 1,700 என்பது சட்டம் போட்ட குறைந்தபட்சச் சம்பளம். 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிக்கும் அது பொருந்தும். டிப்ளோமா முடித்து, சொந்த மடிக்கணினியும் சொந்த மென்பொருள் சந்தாவும் வைத்து வேலை செய்பவனுக்கு அதை ஒட்டியே கொடுத்துவிட்டு, "ஊரில்தானே இருக்கீங்க, செலவு கம்மிதானே" என்கிறீர்கள். 4கே காட்சிகளை இங்கிருந்து அனுப்ப விடிய விடிய டேட்டா ஓடுகிறது. அதற்கு ஊர் விலை என்று தனியாக ஒன்றும் கிடையாது.

வீட்டிலிருந்து செய்யலாம் என்று சொல்லி எடுத்தவர்களை, திடீரென்று திங்கட்கிழமை முதல் ஐந்து நாளும் ஆபீசுக்கு வாருங்கள் என்று கூப்பிடுவதும் இதே வகைதான். சுங்கை சிப்புட்டிலிருந்து இ.டி.எஸ். ரயில் பிடித்தாலும் கோலாலம்பூருக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் போய்வர யாராலும் முடியாது. நெகிழ்வான வேலை ஏற்பாடு கேட்டு ஒருவர் எழுதிக் கொடுத்தால், 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். எங்கள் பிள்ளைகள் எழுதிய மின்னஞ்சல்களுக்கு உங்களில் சிலர் பதிலே போடவில்லை.

உங்கள் தரப்பையும் கேட்டிருக்கிறேன். "ஒண்ணும் தெரியாத பிள்ளையைக் கூட்டிவந்து, கத்துக்கொடுத்து ஆளாக்கினா, முந்நூறு ரிங்கிட் கூடக் கொடுக்கிறான்னு பக்கத்துக் கடைக்குப் போயிடுது" என்று ஓர் உரிமையாளர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தம் பொய்யில்லை. விளம்பர வருமானம் குறைவு, தமிழுக்கு ஒதுக்கும் தொகை அதிலும் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் முந்நூறு ரிங்கிட்டுக்காக ஒரு பிள்ளை போகிறது என்றால், அந்த முந்நூறு அதன் வீட்டில் என்ன செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு குடும்பத்தின் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் அதற்குள் வந்துவிடும். வெளியில் பணம் கட்டிப் பயிற்சி கொடுத்திருந்தால் அந்தச் செலவை ரசீதோடு எழுதி, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் இவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நியாயமாக ஒப்பந்தம் போடலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் மனிதவள மேம்பாட்டு நிதிக்கு 1 விழுக்காடு கட்டுகின்றன. பயிற்சிச் செலவை அதிலிருந்து கேட்டு வாங்கலாம். வழிகள் இருக்கும்போது, ஆளை மிரட்டி நிறுத்துவதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

எங்கள் ஊரில் இது ஏன் இவ்வளவு ஆழமாகக் குத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் கங்காணிகள் ஆள் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் வேறு தோட்டத்துக்குப் போனால் அது நின்றுவிடும். அதனால் கடனைக் காட்டி நிறுத்திவைத்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போட்ட பிறகு அந்த ஆள் சேர்ப்பும் நின்றது. ஆனால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியே இருந்தது. என் அப்பா பால்மரம் வெட்டியவர். வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பதால், மேற்பார்வை செய்யும் மண்டோர் என்ன சொன்னாலும், காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வாய் திறக்காமல் நிற்பார். போக இடம் இல்லாதவனை யாரும் மதித்துப் பேசுவதில்லை என்பதை நாங்கள் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தோம். எங்களைப் படிக்க வைத்ததே, பிடிக்கவில்லையென்றால் எழுந்து போகக்கூடிய வேலைக்குப் போகட்டும் என்றுதான். உங்களில் பலருடைய பெற்றோரும் தோட்டத்தில் இருந்தவர்கள். உங்கள் நிகழ்ச்சிகளில் அதைப் பெருமையோடு பேசுகிறீர்கள். அந்தப் பெற்றோரின் பேரப்பிள்ளைகளிடம் ரிலீஸ் லெட்டர் கேட்காதீர்கள்.

இப்போது நாங்கள் கேட்பது இதுதான். அந்த இளைஞனுக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். இது அவசரம், அந்தக் குடும்பம் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருக்கிறது. ரிலீஸ் லெட்டர் முடிவை ரத்து செய்து, எந்த வாட்ஸ்அப் குழுவில் அதைப் பேசினீர்களோ அங்கேயும், நேர்காணலில் திருப்பி அனுப்பிய பிள்ளைகளிடமும் அதைத் தெரிவியுங்கள். வேலையை விட்ட பிறகு தொழில் செய்யத் தடை போடும் பத்தியைப் புதிய ஒப்பந்தங்களில் எழுதாதீர்கள். பழைய ஒப்பந்தங்களில் இருப்பதை நிறைவேற்றப் போவதில்லை என்று ஊழியர்களுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

ஆள் எடுக்கும்போது சம்பளத் தொகையை, குறைந்தது இவ்வளவு அதிகபட்சம் இவ்வளவு என்று, விளம்பரத்திலேயே போடுங்கள். முழு வீடியோ டெஸ்ட் வேண்டுமென்றால் அதற்கு முன்கூட்டியே கட்டணம் சொல்லிக் கொடுங்கள். எடுக்காத ஆளின் வேலையை ஒளிபரப்பாதீர்கள். ஏற்கெனவே அப்படி ஒளிபரப்பியவற்றுக்குப் பணம் கொடுங்கள், அல்லது நீக்குங்கள். விண்ணப்பித்தவருக்கு இல்லை என்றாவது பதில் போடுங்கள்.

முழுநேரமாக வேலை வாங்கும் எல்லாருக்கும் எழுத்தில் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி, சொக்சோ, வேலைக் காப்புறுதி எல்லாம் வரும் சம்பள மாதத்திலிருந்தே தொடங்க வேண்டும். கட்டாமல் விட்ட மாதங்களுக்கும் கணக்குப் பார்த்துக் கட்டுங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் எடிட்டர், கேமரா, ஸ்கிரிப்ட் பெயர்களைப் போடுங்கள். விலகும் ஊழியர் தான் செய்து வெளிவந்த வேலைகளைத் தன் பெயரில் காட்டலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்.

இந்த மடலுக்கு மாத இறுதிக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். தொலைபேசியில் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், எழுத்தில் தாருங்கள். பேச வேண்டுமென்றால் சுங்கை சிப்புட்டுக்கே வாருங்கள், எல்லாரையும் உட்கார வைத்துப் பேசலாம். பதில் வரவில்லையென்றால் வவுச்சர்களையும், ஒப்பந்தங்களையும், வாட்ஸ்அப் 'இன், அவுட்' பதிவுகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த மாத முதல் வாரத்தில் ஈப்போ தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுப்போம். கையெழுத்துப் போடப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வீடியோ எடிட்டர்
சுங்கை சிப்புட், பேராக்